நியோப்ரீனா, பால்மர ரப்பரா, மறுசுழற்சி நைலானா? செராத்திங் அலைக்கு ஒரு மேலாடை

கோலாலம்பூரில் இருந்துகொண்டு அலைச்சறுக்கில் ஆசை வைத்தவர்களுக்கு ஆண்டில் ஒரே பருவம்தான் உருப்படியானது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது, பஹாங் மாநிலத்தின் கடற்கரைக் கிராமமான செராத்திங்கில் அலை எழும். கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். தண்ணீர் குளிராது. ஆனால் மழையும் காற்றும் சேர்ந்துகொண்டால், நனைந்த உடம்போடு பலகைமேல் உட்கார்ந்து அடுத்த அலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் பல் கிட்டத் தொடங்கிவிடும். மேலுக்கு என்ன போடுவது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. கடலை நேசித்துப் போகிறவர்கள் கடலைக் கெடுக்காத துணியைத் தேடுவதும் இயல்பு.

கையில் இருக்கும் வழிகள் மூன்று: எல்லோரும் வாங்கும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் மேலாடை, பால்மரத்து இயற்கை ரப்பரில் செய்த மேலாடை, மறுசுழற்சி நைலானிலோ பாலியெஸ்டரிலோ தைத்த ராஷ் கார்ட் என்ற மெல்லிய, உடம்போடு ஒட்டிய சட்டை. நான் வாங்கியது இரண்டாவதை. சென்ற பருவமழையிலிருந்து அதைத்தான் போடுகிறேன், அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் ராஷ் கார்டை முடித்துவிடுவோம். வெயில் நாளில் போய் ஒரு மணி நேரம் அலையில் ஆடிவிட்டு வருகிறவருக்கு இதுவே போதும், ரப்பரே வேண்டாம். விலையும் குறைவு, சீக்கிரம் காயும், முதுகை வெயிலிலிருந்து காக்கும். கை நீண்டதாக வாங்கினால் சன்ஸ்கிரீன் பூசும் இடமும் பாதியாகக் குறையும். பவளப்பாறைக்குக் கேடு என்று சன்ஸ்கிரீனில் சேரும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களை ஹவாய் 2021 முதல் விற்கவிடாமல் தடுத்திருக்கிறது, தாய்லாந்தும் அதே ஆண்டில் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடை போட்டது. பூசுவது குறைந்தாலே கடலுக்கு லாபம்.

மறுசுழற்சித் துணியில் இரண்டு வகை அதிகம் கிடைக்கிறது. ஒன்று குளிர்பான பாட்டிலை உருக்கி நூற்ற பாலியெஸ்டர். மற்றொன்று பழைய மீன்வலை, தரைவிரிப்பு போன்றவற்றிலிருந்து இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் எடுக்கும் எக்கோனில் நைலான். இரண்டில் நைலானே என் தேர்வாக இருக்கும். பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க வழி உண்டு, வலைக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆனால் பெரும்பாலான ராஷ் கார்டுகளில் நீண்டு சுருங்குவதற்காக எலாஸ்டேன் என்ற இழையைக் கலந்திருப்பார்கள். கலந்த துணியை அடுத்த முறை பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். துவைக்கும்போது நுண்ணிழை உதிர்வதும் நிற்காது. அடுக்குமாடி நீச்சல்குளத்துக்கும் இதையே போட்டுக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: குளோரின் எலாஸ்டேனைத் தின்றுவிடும். கழுத்துப் பட்டை தொளதொளத்தால் அது முடிந்த கதை.

அடுத்து நியோப்ரீன். இதன் கதையைக் கேட்டால் நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரத்தில் போய் நிற்கும். 1922-இல் மலாயாவிலும் சிலோனிலும் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்க ஆங்கிலேயர் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதிகம் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு அது உறைத்தது. செயற்கை ரப்பருக்கான தேடல் சூடுபிடித்தது. 1930-இல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டுபாண்டின் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் பிறந்தது. எண்ணெய்க்கும் வெயிலுக்கும் ஓசோனுக்கும் அது இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நியோப்ரீன் குளோரோப்ரீன் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் வகைப்படுத்திய பொருள் அது. நியோப்ரீன் செய்துவந்த ஆலை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லாப்லாஸில் இருக்கிறது; டுபாண்ட் கட்டி, 2015-இல் ஜப்பானின் டென்கா நிறுவனத்துக்குக் கைமாறி, 2025-இல் உற்பத்தியை நிறுத்தியது. சுற்றிலும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. தோட்டத்து லயத்தில் பிள்ளைகள் பக்கத்தில் விளையாட மருந்தடித்த காலத்தைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. அந்தப் பள்ளியைப் பற்றி வாசித்தபின் நியோப்ரீனை எடுத்து மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

'சுண்ணாம்புக்கல் நியோப்ரீன்' என்று பச்சை இலை படம் போட்டு விற்பதை நம்ப வேண்டாம். பெட்ரோலியத்துக்குப் பதில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். மலையை உடைத்து, மின் உலையில் கடும் சூட்டில் கார்பைடாக்கி, அதிலிருந்து அசிட்டிலீன் எடுத்து, கடைசியில் வந்து சேருவது அதே குளோரோப்ரீனுக்கு. கல் உடைத்தால் மலைக்கு என்ன ஆகும் என்று பத்துமலையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி பால்மர ரப்பர். யூலெக்ஸ் என்ற பெயரில் சுத்திகரித்து விற்கும் இந்த ரப்பரை வைத்து அமெரிக்க ஆடை நிறுவனமான படகோனியா 2016-இல் நியோப்ரீன் இல்லாத வெட்சூட் (கடலில் போடும் ரப்பர் உடை) வரிசையைக் கொண்டுவந்தது. அதில் 85 விழுக்காடு இயற்கை ரப்பர், 15 விழுக்காடு செயற்கை ரப்பர். தயாரிப்பில் கார்பன் வெளியீடு 80 விழுக்காடு வரை குறைகிறது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. இப்போது வேறு பிராண்டுகளும் இதே ரப்பரை எடுக்கின்றன. வாங்கும்போது, காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்குத் தரும் எஃப்எஸ்சி சான்று இருக்கிறதா என்று பாருங்கள். காட்டை அழித்து நட்ட ரப்பரும் உலகச் சந்தையில் ஓடுகிறது. இயற்கை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

போட்டுப் பார்த்ததில் நீண்டுகொடுப்பதில் குறை தெரியவில்லை. துடுப்புப் போடும்போது தோளில் பிடிக்கவில்லை. முதல் சில நாள் ரப்பர் வாசம் லேசாக வந்தது, அம்மா முகர்ந்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் எங்கள் கடலுக்குத் தாராளம். அதைவிடத் தடிமன் எடுத்தால் வெந்துபோவீர்கள்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்புதான். அதிலும் காயவைப்பது.

நியோப்ரீன் எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் தாங்கும் என்று சொன்னேன் அல்லவா? இயற்கை ரப்பர் அந்த அளவுக்குத் தாங்காது. எண்ணெய் பட்டால் ஊறும், வெயில் பட்டால் கெடும், இழுத்துப் பிடித்த இடத்தில் ஓசோன் வெடிப்பு விழும். செம்பு பட்டால்கூட ரப்பர் கெடும் என்பதால் பித்தளைக் கொக்கியில் மாட்டாதீர்கள். உள்ளும் புறமும் ஒட்டியிருக்கும் துணி ஓரளவு காக்கிறது. ஆனால் தையல் ஓரத்திலும் கழுத்து மடிப்பிலும் ரப்பர் வெளியே தெரியும், கேடு அங்கிருந்துதான் தொடங்கும்.

இதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்து வந்த அறிவு மட்டுமல்ல. என் அம்மா கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். மேலாடையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஏம்மா, அத வெயில்ல காயப் போடாத. ஒட்டுப்பால் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடும்." ஈரத்தோடு விட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். உருட்டி எடுத்த ரப்பர்த் தகட்டைப் புகைக் கொட்டகையில் தொங்கவிட்டதே காயவும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும்தான். வெயில் கூடாது, ஈரமும் கூடாது. கோலாலம்பூரில் இதுதான் சிக்கல். சாயங்காலம் தவறாமல் மழை, காற்றில் எப்போதும் ஈரம், அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு பால்கனி, அதிலும் மதியம் முழுக்க வெயில்.

நான் செய்வது இதுதான். கரையேறியதும், தண்ணீர் சொட்டச் சொட்டவே, வீட்டிலிருந்து கொண்டுபோன பெரிய பாட்டில் குழாய்த் தண்ணீரால் உப்பை அலசிவிடுவேன். கழற்றியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்றோட்டமான வலைப் பையில் போட்டு, பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில், நிழலில் வைப்பேன். காரின் பூட்டில் மூடி வைப்பதில்லை. திரும்பும் வழியில் தெமர்லோ ஓய்விடத்தில் பாத்தின் மீன் சாப்பிடாமல் வர முடியாது, அந்த நேரத்தில் வெயிலில் நிற்கும் காரின் பூட் அடுப்பாகிவிடும்.

வீட்டில் வாளித் தண்ணீரில் மென்மையான சோப்பு கொஞ்சம் கலந்து கழுத்து, அக்குள், கைமுனை மூன்றையும் விரலால் தேய்ப்பேன். சன்ஸ்கிரீன் கழுத்துப் பட்டையில்தான் தங்கும், வெள்ளைக் கோடாகவே தெரியும். அது முழுக்கப் போகும்வரை விடுவதில்லை. பிழியக் கூடாது, உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை வடிக்கலாம். பிறகு தோளைப் பிடித்து ஹேங்கரில் மாட்டாமல், தடித்த பிவிசி குழாய் ஒன்றில் இடுப்பில் பாதியாக மடித்துப் போடுகிறேன். ஈரத்தின் எடை முழுவதும் தோள் தையலில் இறங்கினால் ரப்பர் இழுபட்டே நிற்கும், வெடிப்பு விழுவதற்கு அது வழிவிடும். அறைக்குள்ளே, விசிறிக் காற்றில், ராத்திரி முழுக்க. காலையில் உட்பக்கம் காய்ந்ததும் வெளிப்பக்கம் திருப்பி இன்னொரு அரை நாள். அக்குளில் கை வைத்துப் பார்த்துக் குளுமை இல்லையென்றால்தான் அலமாரிக்குள் போகும்.

நியோப்ரீனும் இப்படிக் கவனித்தால் நன்றாக உழைக்கும், ஆனால் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பால்மர ரப்பர் அவ்வளவு பொறுக்காது. கடலிலிருந்து வந்ததும் மேலாடையைப் பையோடு மூலையில் எறிந்துவிட்டுத் தூங்குகிறவர் என்றால் இதை வாங்காதீர்கள். இரண்டே ஆண்டில் கெட்டு குப்பைக்குப் போகும் ரப்பரைவிட, ஆறேழு ஆண்டு உழைக்கும் நியோப்ரீன் மேல் என்று வாதிட்டால் என்னால் மறுக்க முடியாது. என் மேலாடை இதுவரை எங்கும் பிசுபிசுக்கவில்லை, வெடிக்கவில்லை. ஆனால் ஒரு பருவமழையைத் தாண்டிய அனுபவம்தான் எனக்கு. நாலாவது பருவமழையில் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். பழுது பார்ப்பதிலும் அப்படியே. கைமுனையில் நகம் பட்டு விழுந்த சிறு கிழிசலை வெட்சூட் பசையால் ஒட்டினேன், பிடித்திருக்கிறது. தையல் நீளமாகப் பிரிந்தால் நம் தையல்கடையில் சரிசெய்வார்களா என்பதைச் சோதிக்கும் தேவை இன்னும் வரவில்லை.

ரப்பர் பாலால் ஒவ்வாமை உள்ளவர்கள், கையுறை போட்டாலே அரிக்கிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சுத்திகரிப்பில் புரதத்தின் பெரும்பகுதி நீங்குகிறது என்றாலும் அது உங்கள் தோலில் செய்து பார்க்கும் சோதனையாக ஆகக் கூடாது.

விலை உறுத்தும். எனக்கு அறுநூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆனது. அதே தடிமனில் சாதாரண நியோப்ரீன் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் நியோப்ரீன் மேலாடை அடிக்கடி வருகிறது. ஏற்கெனவே செய்து முடித்த பொருளை இன்னும் சில ஆண்டு உழைக்கவைப்பதற்கு எந்த ஆலையும் புதிதாகப் புகைவிட வேண்டியதில்லை என்பதால், பணம் இடிக்கிறவர்களுக்கு அதையே சொல்வேன். பழைய பால்மர ரப்பர் மட்டும் நேரில் போய் அக்குளையும் கழுத்து மடிப்பையும் இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் லேசாக ஒட்டினாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.