ஆபீசில் சைக்கிளை எங்கே விடுவது: ஓ.எம்.ஆர். அனுபவம்

சென்னை வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகத்துக்குச் சில வருடங்களாக சைக்கிளில்தான் போய்வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்ன சைக்கிள் வாங்கலாம், எத்தனை கியர் வேண்டும் என்று கேட்கிறார்கள். பகல் முழுக்க அது எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். வெயிலும் டிராஃபிக்கும் பழகிவிடும். மேலே மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு கீழே சைக்கிள் இருக்கிறதோ இல்லையோ என்று நினைப்பது மட்டும் பழகவே பழகாது.

எங்கள் கட்டடத்தில் முதலில் காட்டிய இடம் இரண்டாம் பேஸ்மென்ட்டில் ஒரு மூலை. கேமரா உண்டு, வாசலில் செக்யூரிட்டி உண்டு. ஆனால் காருக்கும் பைக்குக்கும் நம்பர் பிளேட் இருக்கிறது, வெளியே போகும்போது டோக்கனோடு ஒத்துப் பார்க்கிறார்கள். சைக்கிளுக்கு இரண்டும் கிடையாது. யார் தள்ளிக்கொண்டு போனாலும் அவருடையது என்றுதான் காவலர் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேமராவோ, திருட்டு நடந்த பிறகுதான் பேசும். சைக்கிளைச் சேர்த்துப் பூட்ட அங்கே தரையில் ஊன்றிய ஒரு கம்பிகூட இல்லை. பின்சக்கரத்தில் இருக்கும் வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழல விடாது, அவ்வளவுதான். எடை குறைந்த சைக்கிளை அப்படியே தூக்கி ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். மழைக்காலக் கவலை தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் பேஸ்மென்ட்டை நம்பி எதையும் விட மாட்டார்கள்.

கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், தோட்ட வேலைக்காரர்கள் எப்போதுமே சைக்கிளில்தான் வருகிறார்கள். அவர்களுடைய வண்டிகள் பின்கேட் பக்கம், ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் நிற்கும். கேன்டீன் அண்ணன் ஒருவர்தான், "கீழ எதுக்கு சார் இறக்குறீங்க? இங்க விடுங்க, எந்நேரமும் ஆள் இருப்போம்" என்றார். எந்தச் சைக்கிள் யாருடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஆள் கை வைத்தால், "யாருங்க நீங்க?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். செக்யூரிட்டியும் கேமராவும் தராத நிம்மதி எனக்கு அங்கே கிடைத்தது.

அதனால் சைக்கிளில் வரும் நாங்கள் சிலர் சேர்ந்து அட்மினுக்கு எழுதியபோது, ஸ்டாண்டு அந்தப் பின்கேட் அருகிலேயே வேண்டும், கம்பெனி ஊழியர், கான்ட்ராக்ட் ஊழியர் என்று பிரிக்கக் கூடாது என்று கேட்டோம். எங்கள் கட்டடம் லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்று வாங்கியது. அந்தத் தர முறையின் 2009 பதிப்பில் வணிகக் கட்டடங்களுக்கு சைக்கிள் வசதிக்கென்றே புள்ளி உண்டு: கட்டடத்தைப் பயன்படுத்துவோரில் 5 சதவீதத்தினருக்கு வாசலிலிருந்து 200 கஜத்துக்குள் பாதுகாப்பான சைக்கிள் நிறுத்தம், முழுநேரப் பணியாளர்களில் 0.5 சதவீதம் என்ற கணக்கில் குளியல் வசதி. உங்கள் கட்டடமும் சான்று பெற்றது என்றால் இதைக் கடிதத்தில் எழுதுங்கள். சலுகை கேட்பதுபோல் இருந்த பேச்சு அதன்பிறகு மாறியது.

முதலில் வந்தது முன்சக்கரத்தை மட்டும் இடுக்கிப் பிடிக்கும் தாழ்வான ஸ்டாண்டு. அதை ஏற்காதீர்கள். பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் மொத்த எடையும் சக்கரத்தின் மேல் விழும். ரிம் கோணும், டிஸ்க் பிரேக் தட்டு வளையும். அதில் ஃப்ரேமைச் சேர்த்துப் பூட்டவும் வழியில்லை. கேட்க வேண்டியது தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றிய, தலைகீழ் 'ப' வடிவ இரும்புக் குழாய். முக்கால் மீட்டர் உயரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள். ஒரு கார் நிற்கும் 5 மீட்டருக்கு 2.5 மீட்டர் இடத்தில் எட்டு சைக்கிளாவது தாராளமாக நிற்கும். அட்மினை அசைத்தது இந்தக் கணக்குதான். லோக்கல் வெல்டரே செய்துகொடுத்தார்.

பூட்டு விஷயத்தில் கேபிள் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். கைக்கு அடக்கமான கட்டரில் நொடியில் அறுந்துவிடும். நான் யூ லாக், அதாவது U வடிவ இரும்புப் பூட்டு, போடுகிறேன். மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரௌன் சொல்லித்தந்த முறையில், பின்சக்கரத்தின் ரிம்மையும் ஸ்டாண்டுக் குழாயையும் சேர்த்து, ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள் வருகிற மாதிரி பூட்டுவேன். சக்கரம் அந்த முக்கோணத்தைத் தாண்டி வெளியே வராது என்பதால் ஃப்ரேமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். சிறிய யூ லாக்கே போதும். கேபிளை முன்சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தைக் கையாலேயே கழற்ற உதவும் குயிக் ரிலீஸ் நெம்புகோல் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டுத் திருகும் வகைக்கு மாற்றுங்கள். கனமான பூட்டைத் தினமும் சுமக்க வேண்டாம், ஸ்டாண்டிலேயே மாட்டிவைக்கலாம். லைட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் நம்பரைப் படமெடுத்து பில்லோடு வைத்திருங்கள். போலீசில் புகார் கொடுக்க நேர்ந்தால் அந்தச் சைக்கிள் உங்களுடையது என்று காட்ட அதுதான் இருக்கும்.

கூரை இன்னும் வரவில்லை. கடல்காற்று அடிக்கும் பகுதி என்பதால் மழையில் நனைந்த செயின் மறுநாளே பழுப்பேறிவிடுகிறது. ஐப்பசிக்குள் தகரக் கூரையாவது போடச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறோம். இந்த முறை ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.