பொலிஸ் சிறுவர், மகளிர் பிரிவு: பிள்ளைக்காகப் போனால் என்ன கிடைக்கும்?

மலையகத்தில் பொலிஸ் நிலையத்தின் இந்தப் பிரிவை, வீட்டில் அடி விழுந்த பிறகு போகும் இடமாகவே வைத்திருக்கிறோம். அடுத்த அடியைத் தடுக்க அது உதவுமா? உதவும், ஆனால் கேட்கத் தெரிந்து போனவர்களுக்கு மட்டும்.

பெரிய குறை முதல் வரியிலேயே இருக்கிறது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் 'குடும்பத் தகராறு' என்று விழுந்துவிட்டால், புருஷனைக் கூப்பிட்டு ஏசி, இனி அடிக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி இருவரையும் ஒரே பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவில் பிள்ளை ஒதுங்க வேறு அறை ஏது? அது இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நின்று எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆகவே பிள்ளையின் பெயர், வயது, பள்ளிக்கூடம், சண்டை நேரத்தில் அது எங்கே நின்றது, என்ன செய்தது, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பதையெல்லாம் சொல்லி எழுத வையுங்கள். "தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்கு ஓடியது" என்ற ஒரு வரி இருந்தால், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அழைக்கும்படி கேட்க அது போதும்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வேண்டாம். 'அடிக்கடி' என்ற சொல் விடுபடுவது சகஜம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தொடர்ந்து நடக்கும் கொடுமையைத்தான் உளரீதியான துன்புறுத்தலாகக் கொள்கிறது. அந்தச் சொல் போனால் பிள்ளை பட்ட பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லாமல் போகலாம்.

இந்தச் சேவையில் உண்மையிலேயே பெறுமதியானது பாதுகாப்புக் கட்டளைதான், அதாவது அடிப்பவரைத் தடுக்க நீதிமன்றம் போடும் கட்டளை. நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோர், பாதுகாவலர் அல்லது பிள்ளையோடு வசிக்கும் ஒருவர் விண்ணப்பிக்கலாம், அம்மாச்சியும் அதில் அடங்குவார். விசாரணைக்கு முன் தரும் இடைக்காலக் கட்டளை கிடைத்தால் 14 நாட்களுக்குள் விசாரணைத் திகதி வரும். முழுக் கட்டளை 12 மாதம்வரை செல்லும். வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வரத் தடை போடலாம், அவசரச் செலவுக்குப் பணமும் கேட்கலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவும் கையில் இருந்தும் பொலிஸார் சமரசத்துக்கே முந்துகிறார்கள், வருத்தம் அதுதான். கட்டளையின் பிரதியை அதிபரிடமும் கொடுத்து வையுங்கள். கேட்டில் வந்து நிற்கும் அப்பாவை வேறு எதைக் காட்டித் தடுப்பார்?

தொலைபேசி எண்களில் குழப்பம் வேண்டாம். இப்போதே அடி நடக்கிறது என்றால் 119. தினமும் நடக்கிறது, பிள்ளை ஒடுங்கிப் போகிறது என்றால் 1929. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண், 24 மணி நேரமும் இயங்கும். தமிழில் பேசலாம். ஆசிரியரோ பிள்ளைக் காம்பரா (தோட்டத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையம்) ஆயாவோ கூட எடுக்கலாம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஜீப் பெக்டரி வாசலோடு நின்றுவிடும். டிவிஷன், லயத்து எண், காம்பரா, அருகில் கோயிலோ தண்ணீர்ப் பீலியோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

10ஆம் திகதி சம்பளம் போட்ட இரவு தவறணை (மதுக்கடை) வழியாக ஒரு பொலிஸ் ரோந்து. பணமே செலவாகாத தடுப்பு இது, ஆனால் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேட்டால்தான் நடக்கும். கடிதத்தைத் தோட்டத் தலைவரும் ஆசிரியரும் சேர்ந்து கொடுத்தால் தாயின் பெயர் அதில் வராது.

காயம் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். பொலிஸில் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை வாங்கிக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருந்தால் தாயோடு பிள்ளையையும் உள்ளே அனுப்புங்கள்.