பிகே வைரஸ் டெஸ்ட்: எந்த லேபில் கொடுக்கலாம்?

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்து, பிகே வைரஸ் பிசிஆர் (வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் டெஸ்ட்) எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், எங்கே கொடுப்பது என்று தேடுகிறவர்களுக்காக இது. அண்ணனுக்கு இரண்டு லேபில் பார்த்துவிட்டோம். இரண்டாவதிலேயே தொடர்கிறோம், முழுத் திருப்தி.

முதல் லேப் ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்'. அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்? இந்த வைரஸ் முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி கிட்னியில் சும்மா கிடப்பது. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, போன முறையைவிட ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஒரு மில்லிக்கு வைரஸ் டிஎன்ஏ 10,000 காப்பியைத் தாண்டினால் கிட்னியையே பாதித்திருக்கும் என்று சந்தேகிப்பார்கள். இப்போதைய லேப் எண்ணைத் தருகிறது, லாக் மதிப்பும் (அதே எண்ணைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிச் சொல்வது) தருகிறது, எந்த அளவுக்குக் கீழே எண்ண முடியாது என்பதையும் எழுதுகிறது. லேபுக்கு லேப் எண் மாறும் என்பதால் ஒரே இடத்தில் கொடுங்கள்.

ஆனால் இவர்களை நான் சிபாரிசு செய்ய உண்மையான காரணம் பயாப்சிதான். கிரியாட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியது, சதைத் துண்டு எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பிகே பாதிப்பும் ரிஜெக்‌ஷனும் (உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குவது) கிட்டத்தட்ட ஒரே மாதிரி வீக்கமாகத் தெரியுமாம், வைத்தியமோ நேரெதிர்: ரிஜெக்‌ஷன் என்றால் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டணும், பிகே என்றால் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் என்ற அதே வகை மருந்துகளைக் குறைக்கணும். ரிப்போர்ட்டில் 'எஸ்வி40 பாசிட்டிவ்' என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். அது குரங்கு வைரஸ் ஒன்றின் பெயர், அதன் புரதத்துக்கென்று உள்ள ஆன்டிபாடி பிகேவையும் பிடிப்பதால் அந்தச் சாயத்தைப் போடுகிறார்கள், பாதித்த செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும் என்று பாத்தாலஜிஸ்ட் அம்மாவே போனில் பொறுமையாக விளக்கினார். திசுவிலும் பிசிஆர் செய்யலாமே என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் தூங்கிக் கிடக்கும் வைரஸின் டிஎன்ஏவும் அதில் சிக்கும், அதனால் சாயத்தோடும் ரத்த எண்ணோடும் சேர்த்துத்தான் படிக்கணும் என்றார். வைரஸ் திட்டுத்திட்டாக இருக்குமாம், ஒரு துண்டில் தப்பிவிடலாம். எங்களுக்கு இரண்டு துண்டு, மெடுல்லா என்ற கிட்னியின் உட்பகுதியோடு எடுத்திருந்தார்கள். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை என்றால், ஞாயிறு சாம்பிள் எடுக்க மாட்டார்கள், பழைய எண்களை ரிப்போர்ட்டில் சேர்த்துத் தருவதில்லை. நாங்களே தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறோம். அப்புறம், எண் ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களே குறைத்துவிடாதீர்கள், அதில் ரிஜெக்‌ஷன் வந்துவிடும்.