மான்ட்கோமரியா, ஃபேர்ஃபாக்ஸா? வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

வாஷிங்டனுக்கு வேலை மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு முதல் கேள்வி ஆற்றின் எந்தக் கரையில் வீடு பார்ப்பது என்பதுதான். பொடோமாக்கின் ஒரு கரையில் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி, மறுகரையில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி. இரண்டிலும் கவுன்டி முழுவதற்கும் ஒரே பள்ளி மாவட்டம், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் ஒரே நிர்வாகம். மான்ட்கோமரியில் சுமார் 1,60,000 மாணவர்கள், ஃபேர்ஃபாக்ஸில் சுமார் 1,80,000. எந்த இனத்துப் பிள்ளைகளும் பாதியைத் தாண்டாத, கலந்து படிக்கும் மாவட்டங்கள் இவை.

பலர் இணையத்தில் பள்ளிக்குக் கொடுத்திருக்கும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் அந்தத் தெருக்களின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. மான்ட்கோமரியில் வசதியான பொடோமாக், பெதஸ்டா ஊர்கள் பக்கம் ஒரு எண், வருமானம் குறைந்த வீட்டன் பக்கம் இன்னொரு எண். ஃபேர்ஃபாக்ஸிலும் கிரேட் ஃபால்ஸுக்கும் அனண்டேலுக்கும் இதே கதைதான். பார்க்க வேண்டியது, திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான மேல்நிலைப் பாடத்திட்டங்களுக்குள் ஒரு பிள்ளை எந்த வழியாக நுழைகிறது என்பதை. இரண்டு மாவட்டங்களும் உண்மையாகப் பிரிவது அங்கேதான்.

ஃபேர்ஃபாக்ஸில் அந்த வழி ‘அட்வான்ஸ்டு அகடமிக் ப்ரோக்ராம்ஸ்’. அதன் நான்காம் நிலை முழுநேர வகுப்பு, 3ஆம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கான அடித்தளம் 2ஆம் வகுப்பிலேயே விழுந்துவிடுகிறது. அந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கோகாட் என்ற திறனறித் தேர்வு வைக்கிறார்கள். உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களின் கோப்பு தானாகவே தேர்வுக் குழுவுக்குப் போகும். மற்றவர்களுக்காகப் பெற்றோரே பரிந்துரைப் படிவம் கொடுக்கலாம். கடைசி நாள் டிசம்பர் நடுவில் வரும். குழு மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, ஆசிரியர் நிரப்பும் மதிப்பீட்டுத் தாளையும் பிள்ளை செய்த வேலையின் மாதிரிகளையும் சேர்த்துப் பார்க்கிறது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. முறை தெரிந்த பெற்றோருக்கு இது நல்ல ஏற்பாடு. தெரியாதவர்களுக்கு ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியவரும், அதற்குள் ஓர் ஆண்டு போய்விடும்.

மான்ட்கோமரியில் பெற்றோர் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 3ஆம் வகுப்பில் உள்ள எல்லோருடைய மதிப்பெண்ணையும், பள்ளியில் வைக்கும் ‘மேப்’ என்ற திறன் தேர்வின் முடிவையும் மாவட்டமே எடுத்துப் பார்த்து, தகுதி பெற்றவர்களைப் பட்டியலிடுகிறது. 4, 5ஆம் வகுப்புகளுக்கான செறிவூட்டல் மையங்களில் (பாடத்தைக் கூடுதல் ஆழமாக நடத்தும் வகுப்புகள்) இடம் குறைவு என்பதால் பட்டியலில் இருப்பவர்களுக்குக் குலுக்கல். ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயரும் விடுபடாமல் பட்டியலில் வருகிறது என்பது இந்த முறையின் பெரும் நன்மை. ஆனால் பட்டியலில் இருந்தும் குலுக்கலில் விழாத பிள்ளைக்கு மேல்முறையீட்டில் பெரிதாக வாதாட எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் பள்ளியிலேயே செறிவூட்டிய பாடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த வகுப்பு எவ்வளவு ஆழமாக நடக்கிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள்.

வீடு பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. மான்ட்கோமரியின் தகுதி வரம்பு உள்ளூர் அளவுகோலில் 85ஆவது சதமானம், அதாவது நூற்றில் 85 பேரைவிட மேலே. உள்ளூர் அளவுகோல் என்றால், வசதியில் ஒத்த பள்ளிகளின் பிள்ளைகளோடு ஒப்பிடுவது. ஃபேர்ஃபாக்ஸும் கோப்பைத் தானாக அனுப்பும் வரம்பை அந்தந்தப் பள்ளியை ஒட்டிக் கணக்கிடுகிறது. ஆகவே ‘சிறந்த பள்ளி’ என்று கூடுதல் வாடகை கொடுத்துப் போகிற இடத்தில், அதே பிள்ளை அதே மதிப்பெண்ணோடு வரம்புக்குக் கீழே நிற்கலாம். மேல்நிலை வகுப்புக்காகவே வீட்டை மாற்றுகிறவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்கு வருவோம். ஃபேர்ஃபாக்ஸில் எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர் தாமஸ் ஜெஃபர்சன், சுருக்கமாக டிஜே. 1985இல் தொடங்கிய அறிவியல் தொழில்நுட்பப் பள்ளி. பக்கத்துக் கவுன்டிகளான லௌடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் பிள்ளைகளும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். ஆண்டுக்கு 550 இடங்கள். 2020 டிசம்பரில் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் 8ஆம் வகுப்பிலும் 1.5 சதவீதம் பேருக்குச் சமமான இடங்கள் அந்தப் பள்ளிக்கென ஒதுக்கப்படுகின்றன. மாற்றம் வந்த முதல் ஆண்டிலேயே ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆனது. வழக்கும் நடந்தது. 2023 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய முறையை ஏற்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. பழைய நுழைவுத் தேர்வுக்கென்று யாராவது பயிற்சி வகுப்பு விற்றால் பணத்தைக் கொட்டாதீர்கள். இன்று பார்ப்பது 3.5க்குக் குறையாத ஜிபிஏ (பாடங்களின் சராசரிப் புள்ளி; ஏ என்றால் 4.0), மாணவர் தன்னைப் பற்றி எழுதும் தாள், ஒரு கணித அல்லது அறிவியல் சிக்கலுக்கு விடை எழுதும் கட்டுரை. அதோடு 8ஆம் வகுப்பில் குறைந்தது அல்ஜீப்ரா 1 படித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேராக 8ஆம் வகுப்பில் சேரும் பிள்ளையைச் சாதாரணக் கணித வகுப்பில் உட்காரவைத்துவிட்டால், விண்ணப்பிக்கும் தகுதியே போய்விடும். பள்ளி தொடங்கும் முன்பே கணித நிலைத் தேர்வு கேளுங்கள். பழைய பள்ளியின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஆங்கிலத்தில் கையில் வைத்திருங்கள்.

மான்ட்கோமரியில் டிஜே போல் தனிப் பள்ளி இல்லை, பொதுப் பள்ளிக்குள்ளேயே சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள மான்ட்கோமரி பிளேரில் கணிதம், அறிவியல், கணினி. ராக்வில்லின் ரிச்சர்ட் மான்ட்கோமரி பள்ளியில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம். வடக்குப் பகுதிக்கு பூல்ஸ்வில். பிளேரின் அறிவியல் பிரிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர், மொத்தப் பள்ளியிலோ 3,000 பேருக்கு மேல். சிறப்புப் பிரிவுப் பிள்ளைக்கும் எல்லா விதமான பிள்ளைகளோடும் ஒரே வளாகம், ஒரே விளையாட்டு அணி. எங்கள் கருத்தில் பதினான்கு வயதுக்கு அது டிஜேயைவிட ஆரோக்கியமான சூழல். ஆனால் 2027–28 கல்வியாண்டிலிருந்து மாவட்டத்தை ஆறு பிராந்தியங்களாகப் பிரித்து இந்தப் பிரிவுகளையே மாற்றியமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. பிளேரை மனதில் வைத்து வீடு வாங்குவதற்கு முன், அந்த முகவரி எந்தப் பிராந்தியத்தில் விழும் என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஃபேர்ஃபாக்ஸிலும் எல்லைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்வது இப்போது விதி. வீட்டுத் தரகர் சொல்லும் பள்ளி நிரந்தரம் இல்லை.

சின்ன வித்தியாசங்கள் சில, ஆனால் பாதிப்பு பெரிது. மழலை வகுப்புக்கு மேரிலாந்தில் செப்டம்பர் 1க்குள் 5 வயது நிரம்ப வேண்டும், வர்ஜீனியாவில் செப்டம்பர் 30 வரை பொறுப்பார்கள். செப்டம்பர் நடுவில் பிறந்த பிள்ளைக்கு ஆற்றைத் தாண்டினால் ஓர் ஆண்டு வேறுபாடு. ஃபேர்ஃபாக்ஸின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் 6ஆம் வகுப்பு வரை, மான்ட்கோமரியில் 5 வரைதான். 91 மதிப்பெண் மான்ட்கோமரியில் முழு ஏ, 4.0. ஃபேர்ஃபாக்ஸில் அது ஏ மைனஸ், 3.7. ஆனர்ஸ் என்ற கடினமான வகுப்புக்கு மான்ட்கோமரி ஒரு முழுப் புள்ளி கூட்டுகிறது, ஃபேர்ஃபாக்ஸ் அரைப் புள்ளி. கரை மாறும்போது பிள்ளையின் ஜிபிஏ ஒப்பிட முடியாததாகிவிடும். மான்ட்கோமரியில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் வாங்க 75 மணி நேரச் சமூக சேவையும் கட்டாயம். 11ஆம் வகுப்பில் வந்து சேர்பவர்கள் முதல் வாரமே ஆலோசகரிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்க்கையில் தடுக்கி விழுவது பெரும்பாலும் தடுப்பூசியில். சின்னம்மை ஊசி இந்திய அரசு அட்டவணையில் இல்லை, இங்கே இரண்டு மாநிலங்களும் இரண்டு தவணை கேட்கின்றன. 12 வயது வரை இரண்டுக்கும் நடுவே 3 மாத இடைவெளி வேண்டும், அதனால் முதல் ஊசியை ஊரிலேயே போட்டுவிட்டு வாருங்கள். ஃபேர்ஃபாக்ஸ் காசநோய்ச் சோதனையும் கேட்கும். பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தவறாக நோய் இருப்பதாகக் காட்டலாம். மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையே கேளுங்கள்.

இரண்டு இடத்திலும் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி வரும். பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதாதீர்கள். தமிழ் என்று எழுதினால் விடா என்ற ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். நன்றாகச் செய்தால் அதோடு முடிந்தது. தேவைப்பட்டால் கூடுதல் ஆங்கில உதவி கிடைக்கும், அதனால் மேல்நிலை வகுப்பு அடைபட்டுப் போகாது. இரு மாநிலங்களிலும் பட்டயத்தோடு, இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றதற்கான இருமொழி முத்திரையும் உண்டு. ஆங்கிலத்தோடு தமிழிலும் தேர்வு எழுதி அதைப் பெற முடியுமா, எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்பதை 10ஆம் வகுப்பிலேயே ஆலோசகரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், 12இல் தேதி தேடி அலைய வேண்டியதில்லை.