ஏர்பேக் ரீகால் பார்க்க என்.எச்.டி.எஸ்.ஏ. தேடல்: நல்ல சேவை, ஆனால் பாதி வழிதான்

அமெரிக்காவில் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். டிரைவர் பக்கம் முன்கண்ணாடி ஓரத்தில் தெரியும் 17 இலக்க வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் அடித்தால், சரிசெய்யாமல் கிடக்கும் ரீகால், அதாவது குறையுள்ள பாகத்தை மாற்றித்தர நிறுவனம் விடுத்த அழைப்பு, உடனே வந்துவிடும், காசு கிடையாது.

தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் என்று வந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வருடக்கணக்கில் வெயிலிலும் ஈரக்காற்றிலும் கிடந்து கெட்டுப்போய், சின்ன மோதலிலேயே இன்ஃப்ளேட்டர் (பையை ஊதவைக்கும் உலோகக் குடுவை) வெடித்து உலோகத் துண்டுகள் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. டீலர் இலவசமாகவே மாற்றித் தருவார்.

எனக்குள்ள பெரிய குறை, காயம்பட்டவர் அடுத்து என்ன செய்வது என்று அந்தத் தேடல் முடிவில் ஒரு வரிகூட இல்லை. 2017-இல் தகாட்டா குற்றத்தை ஒப்புக்கொண்டபோது காயமடைந்தவர்களுக்கென்றே 12.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. வழக்குப் போடும் காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அப்புறம், நொறுங்கிய காரை இன்சூரன்ஸ்காரர் எடுத்துப்போய்விட்டால் முக்கிய ஆதாரமே கைவிட்டுப் போய்விடும், அதனால் வக்கீல் பார்க்கும்வரை அந்தக் காரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.