மரமா, தொட்டியா? நைரோபி வழிபாட்டு வளாகங்களுக்கு ஓர் ஒப்பீடு

நைரோபியில் ஒரு தேவாலயமோ பள்ளிவாசலோ பருவநிலைக்காக நாமும் ஏதாவது செய்வோம் என்று கூடிப் பேசினால், எழும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுதான்: வளாகத்தில் மரக்கன்று நடுவது, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடிப்பது, சோலார் பலகை மாட்டுவது. காணிக்கைப் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் தொட்டி, மரம் அதற்குப் பிறகு. என் கட்சி இதுதான்.

சோலாரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கென்யாவின் மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு புவிவெப்பம், நீர், காற்று, சூரியன் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒலிபெருக்கியும் விளக்கும் ஓடும் கட்டடத்தில் பலகை மாட்டினால் கரி உமிழ்வு குறைவது சொற்பம், மீதி ஆறு நாள் மின்சாரம் வீண். வளாகத்துக்குள் பள்ளிக்கூடமோ மருந்தகமோ தினமும் நடந்தால் கணக்கு வேறு. நைஜீரியாவின் லாகோஸில் வரிசையே தலைகீழாகும். அங்கே ஆராதனை நேரம் முழுக்க ஜெனரேட்டர் ஓடுகிறது, 2023 மே மாத இறுதியில் எரிபொருள் மானியம் நின்ற பிறகு அந்தச் செலவு கழுத்தை நெரிக்கிறது. அங்கே முதலில் சோலார்தான்.

மரத்தின் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. வங்காரி மாத்தாய் 1977இல், பெண்களைக் கொண்டு மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய நாடு இது. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் கிடைத்த பிறகு, மரம் நடுவது கென்யாவில் பக்திக்குச் சமமான காரியமாகிவிட்டது. சிம்பாப்வேயின் மாஸ்விங்கோ பகுதியில் 1990களில் ஆப்பிரிக்கச் சுயாதீனத் திருச்சபைகள் கன்று நடுவதைத் திருவிருந்தோடே சேர்த்தன. மரம் வெட்டிய பாவத்தை அறிக்கையிட்டுவிட்டுத்தான் கன்றைக் கையில் எடுப்பார்கள். நிழல், குளிர்ச்சி, மண் பிடிப்பு என்று ஒரு மரம் தருவதைத் தொட்டி ஒருநாளும் தராது. அதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பு பராமரிப்பில்தான். நட்ட மறுநாளிலிருந்து வேலை யார் கையில் இருக்கிறது?

நைரோபியில் மழை இரண்டு முறை: மார்ச் பாதியிலிருந்து மே வரை நெடுமழை, அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை குறுமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமார் 17 வாரம் குளிரும் வறட்சியும். நடும் விழாக்கள் நடப்பதோ ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில், இல்லையென்றால் இயற்கைக்காகத் திருச்சபைகள் செப்டம்பர் 1இல் தொடங்கும் ‘படைப்பின் காலம்’ வழிபாட்டில். முதலாவது நெடுமழை ஓய்ந்த கையோடு வருகிறது, இரண்டாவது குறுமழைக்கு ஆறு வாரம் முன்பே வந்துவிடுகிறது. கன்றின் வேர் மண்ணைப் பிடிப்பதற்குள் ஈரம் போய்விடும். ஏப்ரல் முதல் பாதி அல்லது நவம்பர் தொடக்கம், இந்த இரண்டைத் தவிர வேறு நாளில் நடாதீர்கள்.

சரியான நாளில் நட்டாலும் முதல் இரண்டு வறள் காலங்களுக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். நகரத்து இறுகிய மண்ணில் ஒரு கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். உற்சாகத்தில் 300 கன்று நட்டுவிட்டால் வாரம் 3,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேனில் 150 கேன். குழாயில் முறைவைத்துத் தண்ணீர் வரும் குடியிருப்பில், வீட்டுக்கே கேன் கணக்கில் விலை கொடுத்து வாங்கும் மக்களிடம், வாரா வாரம் 150 கேனை யார் கேட்பது? முதல் மாதம் இளைஞர் குழு ஊற்றும். மூன்றாம் மாதம் காவலாளி மட்டும் மிஞ்சுவார். மற்ற தவறுகள் எல்லாரும் அறிந்தவை: நாற்றுப் பையைக் கிழிக்காமலே புதைப்பது, ஆட்டுக்கு வேலி போடாதது, சுவரோரம் யூகலிப்டஸ் வைப்பது. அவற்றைச் சொல்லித் திருத்திவிடலாம். 17 வாரத் தண்ணீரைச் சொல்லால் வரவழைக்க முடியாது.

பசுமைப் பட்டை இயக்கம் இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கே பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது. சியரா லியோனில் ஃப்ரீடவுன் மாநகரம் 2020இல் தொடங்கிய மரத் திட்டமும் அதே வழி: வளர்ப்பவர் கன்றைப் போய்ப் பார்த்து, செல்பேசியில் படமெடுத்துப் பதிவு செய்தால்தான் பணம். உங்கள் சபையிடம் அப்படி இரண்டு ஆண்டுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் மரத்தையே முதலில் எடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தொட்டிக்கும் பராமரிப்பு உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு இரண்டே நாள், அந்த இரண்டு நாளும் திருச்சபை நாட்காட்டியிலேயே இருக்கின்றன. தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் எந்த ஆண்டிலும் மார்ச் 10ஐத் தாண்டாது, ஆகவே எப்போதும் நெடுமழைக்கு முன்புதான். படைப்பின் காலம் அக்டோபர் 4இல், அசிசி பிரான்சிஸ் திருநாளோடு முடிகிறது. குறுமழை அதன் பின்னால் வருகிறது. இந்த இரண்டு வாரங்களில் நான்கு பேர் அரை நாள் ஒதுக்கினால் போதும்: கூரையோரம் மழைநீரைப் பிடிக்கும் பீலியில் சேர்ந்த இலை, பறவை எச்சத்தை வழித்து, வலையைக் கழுவி, தொட்டியின் அடிச்சேற்றை வெளியேற்றிவிடலாம். பள்ளிவாசல்கள் இதை ரமலானோடு கட்டக் கூடாது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னோக்கி நகரும், மழை நகராது. மார்ச், அக்டோபரின் முதல் வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அளவு. 300 சதுர மீட்டர் தகரக் கூரை என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை 1 லிட்டர், சிதறலும் ஆவியும் போக 85 விழுக்காடு கைக்கு வரும். ஆண்டு மழை சுமார் 900 மி.மீ. என்றால் 2,29,500 லிட்டர். இதைக் கேட்டதும் இரண்டு பக்கமும் பீலி கட்டிவிட்டு, தொட்டிக்குப் பணமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் போதும். 150 சதுர மீட்டரிலிருந்து 10,000 லிட்டர் தொட்டி நிறைய 78 மி.மீ. மழை தேவை, ஏப்ரல் தாண்டுவதற்குள் அது பெய்துவிடும்.

பீலிக்கு மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு, 60 செ.மீ.க்கு ஒரு தாங்கி. தாங்கியில் கஞ்சத்தனம் காட்டினால் பீலி நடுவில் தொய்ந்து, நல்ல மழை பெய்யும் அன்றைக்குத்தான் தண்ணீர் வெளியே கொட்டும். ஒரு சதுர மீட்டர் கூரைக்கு, பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய்ப்பரப்பு 1 சதுர செ.மீ. வேண்டும் என்பது கணக்கு. 110 மி.மீ. குழாய் ஒன்று போதாது, இரண்டு போடுங்கள்.

கூரையைக் கழுவி வரும் முதல் நீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வீதம் 75 லிட்டரைக் கழிக்க வேண்டும். இதைக் குழாய்த் துண்டிலேயே முடித்துவிடலாம் என்பார்கள், ஆனால் 110 மி.மீ. குழாய் மீட்டருக்கு 8, 9 லிட்டர்தான் கொள்ளும். 100 லிட்டர் பீப்பாய் ஒன்று வைத்து, அடியில் 3 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், தானாகச் சொட்டிக் காலியாகும். பழுதாகும் இடமும் அந்தத் துளைதான். மண் அடைத்துக்கொண்டால் பீப்பாய் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு கம்பியால் குத்திவிடுவது ஒரு நிமிட வேலை.

நிறைந்த தொட்டி பத்து டன். 15 செ.மீ. கான்கிரீட் தளம் இல்லாமல் மண்மேல் வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் சாய்ந்து குழாய் இணைப்பு விரியும். வழிந்தோடும் நீரையும் தளத்தின் ஓரத்தில் விழவிடாதீர்கள், அடிமண் அரிக்கும். மூடியிலும் வழிகுழாய் வாயிலும் கொசுவலை கட்டாயம். இந்த நீர் கழுவவும் துடைக்கவும் செடிக்கும்தான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ ஈயம் கலந்த பெயின்டோ இருந்தால் குடிக்கும் பேச்சே வேண்டாம்.

வெள்ளத்தைத் தொட்டி தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2024 ஏப்ரலில் மத்தாரே ஆறு கரை தாண்டியது போன்ற மழைக்கு முன், நைரோபியின் தொட்டிகள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

பள்ளிவாசலுக்கு மட்டும் என் வரிசையைத் தளர்த்திக்கொள்கிறேன். குழாயைத் திறந்து வைத்து ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்தால் ஒருவருக்கு நான்கு லிட்டர் எளிதாகப் போகும். ஜும்ஆ என்னும் வெள்ளித் தொழுகைக்கு 200 பேர் வந்தால் 800 லிட்டர், சோப்பு கலக்காத நீர். வடிகாலை ஒரு சல்லித் தொட்டி வழியாகத் திருப்பிவிட்டால் வாரம் 80 கன்றுக்குப் போதும். அங்கே மரத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கலாம். தேவாலயத்துக்கு அந்த வசதி இல்லை. நிறைந்த ஒரு 10,000 லிட்டர் தொட்டி, வேறெதற்கும் தொடாவிட்டால், 17 வாரத்துக்கு 58 கன்றுகளைக் காப்பாற்றும். ஆகவே இரண்டாம் ஆண்டு ஏப்ரலில் 50 கன்று நடுங்கள், 300 வேண்டாம்.

சொந்தப் பட்டா இல்லாத நிலத்தில், ஆற்றோரக் குடியிருப்பில் நிற்கும் சபைகளுக்கு இன்னொன்றும் உண்டு. அந்த 2024 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தவர்களை அரசு வெளியேற்றியது. பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்து, உருட்டி, லாரியில் ஏற்றிப் புது இடத்துக்குக் கொண்டுபோகலாம். பீலியையும் குழாயையும் கழற்றிக்கொள்ளலாம். விட்டுவிட்டுப் போவது கான்கிரீட் தளம் ஒன்றைத்தான்.