9,500 ரூபாய் குடுத்து கடி வாங்கியிருக்கோம்: காப்பகத்து நாய் எடுக்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

கோவத்துலதான் எழுதுறேன், வார்த்தை முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க. வேலூர் சுத்துவட்டாரத்துல ஒரு தனியார் நாய்க் காப்பகம். பேர் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு நேத்து ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. எங்ககிட்ட வாங்கின 9,500 ரூபாயத் திருப்பித் தர வாய் வரல, மிரட்டுறதுக்கு மட்டும் வருது.

நாங்க சத்துவாச்சாரி. அப்பா கடைக்குப் போயிடுவாரு, நான் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு, அண்ணன் அண்ணியும் வேலைக்கு. பகல்ல அம்மா மட்டும்தான். ரெண்டாவது படிக்கிற அண்ணன் பையன் ஸ்கூல் விட்டு வந்தா பாட்டிகிட்டதான் இருப்பான். அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும், கடையில காசு கொட்டி ஜாதி நாய் வாங்குறதுக்கு வீடில்லாத நாட்டு நாய் ஒண்ண வளப்போம்னு போனோம்.

ஷெட்டுல மத்த நாய்ங்க குரைச்சு கூரையப் பிய்க்குது, இது மட்டும் மூலையில படுத்துக் கெடந்துச்சு. பொட்டை. செம்பட்டை நிறம், முன்னங்கால் ஒண்ணுல மட்டும் சாக்ஸ் மாட்டின மாதிரி வெள்ளை. காப்பகத்துக்காரர் அது வாய்க்குள்ள விரல விட்டு பல்லத் தடவிக் காட்டினாரு. "பாருங்கம்மா, பச்சப் புள்ள இது. உங்க பேரன் வாலப் புடிச்சி இழுத்தாலும் திரும்பிப் பாக்காது"ன்னாரு. அம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அந்த விரல்தாங்க எங்கள விழ வச்சது.

நாய்க்கு விலை கிடையாதாம், எல்லாம் சேவையாம். "காப்பக நன்கொடை" 5,000, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் 3,500, வண்டியில கொண்டாந்து விட 1,000. ஆக 9,500. ஜிபேல அவரோட சொந்த நம்பருக்குத்தான் போட்டேன். குறிப்புல "டொனேஷன்"னு போடுங்கன்னு கூடவே நின்னு போட வச்சாரு. எதுக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வந்த புதுசுல சதா தூக்கம். சாதுவா இருக்கேன்னு தெருவே மெச்சிச்சு. அப்புறம் ஒரு நாள் காலைல, தின்னு முடிச்சிடுச்சுன்னு அம்மா தட்ட எடுக்கக் குனிஞ்சாங்க. ஓரத்துல ஒரு ஈரல் துண்டு ஒட்டியிருந்திருக்கு. உறுமல்கூட இல்ல. மணிக்கட்டக் கவ்வி ஒரே உலுக்கு. கண்ணாடி வளையல் நொறுங்கி அந்தச் சில்லு வேற கிழிச்சிடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு எடுத்துகினு ஓடியாந்தாங்க. வேணாங்கான்னு தடுத்து, குழாயத் தொறந்து விட்டு கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவி, அடுக்கம்பாறை ஜி.எச்.சுக்கு ஆட்டோ.

ரத்தம் வந்த கடின்னா மூணாவது வகையாம், அதாவது இருக்கிறதுலயே ஆபத்தான வகை. வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசியோட நிக்காம, உடனே கிருமிய எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்தையும் காயத்துக்குள்ளயும் சுத்தியும் ஏத்தினாங்க. அம்மா என் துப்பட்டாவக் கடிச்சிக்கிட்டுத் தாங்கினாங்க. 0, 3, 7, 28-ஆவது நாள்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஊசிக்குக் காசு வாங்கல, அதச் சொல்லியாகணும். காப்பகம் குடுத்த தடுப்பூசிப் புத்தகத்த நீட்டினேன். "இத நம்பி ஊசிய நிறுத்த முடியாதும்மா"ன்னு டாக்டர் அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு.

காப்பகத்துக்கு ஃபோன் பண்ணா, "புது எடம் மேடம், செட்டாக டைம் குடுங்க." குடுத்தோம். கட்டிலுக்கடியில உருண்ட பந்த எடுக்கக் கைய விட்டான் பையன், முழங்கைக்குக் கீழ நாலு பல்லு எறங்கிடுச்சு. மறுபடியும் அடுக்கம்பாறை, மறுபடியும் ஃபோன். இந்தத் தடவ, "நீங்க பயந்திருப்பீங்க, அந்த வாசம் நாய்க்குத் தெரியும்." ஏழு வயசுப் பையன் பந்து எடுத்தது பயமா? அடுத்து, "டிரெயினர் அனுப்புறேன், 4,000 தனி." சரி, நாயத் திருப்பி எடுத்துக்கங்கன்னேன். "இடமில்ல." பணம்? "நன்கொடைய யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா மேடம்? நீங்களே டொனேஷன்னுதானே போட்டிருக்கீங்க." அப்புறம் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு.

கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா அவர் புத்தகத்தப் பாத்துச் சிரிக்கிறாரு. தடுப்பூசி பாட்டில்ல இருந்து பிரிச்சி ஒட்டுற ஸ்டிக்கர் ஒண்ணுகூட இல்ல. டாக்டர் முத்திரை இல்ல, பதிவு எண் இல்ல. மூணு வேற வேற தேதி, ஆனா ஒரே பேனா, ஒரே கிறுக்கல். வந்த புதுசுல அவ்ளோ தூங்குச்சேன்னு கேட்டதுக்கு, "மயக்கம் வர்ற மாதிரி ஏதாச்சும் குடுத்திருக்கலாம், இப்போ சொல்ல முடியாது"ன்னாரு. வயித்துல தையல் தழும்பும் இல்லையாம். அவர் சொன்ன கையோட, கருத்தடை பண்ணியாச்சுன்னு 3,500-ல சேத்து வாங்கின நாய் பருவத்துக்கு வந்து ஹால் முழுக்க சொட்டுச் சொட்டா ரத்தம் விடுது. தெருவுல இருக்கிற அத்தன கடுவனும் எங்க கேட்டுலதான் படுத்திருக்கு. பால்காரர் உள்ள வர மாட்டேன்றாரு.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. காப்பகத்தோட சோஷியல் மீடியா பக்கத்துல பழைய ஃபோட்டோவ தள்ளிக்கிட்டே போனேன். அதே செம்பட்டை, அதே ஒத்தக்கால் வெள்ளை, கழுத்துல மாலை, சுத்தி வேற ஒரு குடும்பம்! மேல "புது வீடு கிடைச்சாச்சு"ன்னு எழுத்து. அந்தம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். அவங்க மாமனாரக் கடிச்சிருக்கு, அங்கயும் சோத்துத் தட்டுகிட்டதான். திருப்பி விட்டப்போ "ரிட்டர்ன் சார்ஜ்"னு 2,000 புடுங்கியிருக்காங்க. ஆக, கடிக்கும்னு தெரிஞ்சேதான் வாய்க்குள்ள விரல விட்டுக் காட்டி எங்க தலையில கட்டியிருக்காரு. நான் கேட்ட அன்னிக்கே அந்த ஃபோட்டோவத் தூக்கிட்டாங்க. ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு.

"பாலாத்துல இட்னு போயி உட்டுட்டு வாயேன்"னு சொல்றவங்களுக்கு: அங்கயும் மனுசங்க நடக்குறாங்க. நாய் மேல எனக்குக் கோவம் இல்ல. சோத்துக்காக எங்கயோ அடிபட்டு வளந்திருக்கும். கடிச்ச பிறகு வெறி இருக்கான்னு 10 நாள் கண்காணிச்சாச்சு, நல்லா திங்குது, நல்லா இருக்கு. டாக்டர் சொன்னபடி பின்கட்டுல தனியா சோறு, அது எழுந்து போற வரைக்கும் தட்டத் தொடுறதில்ல, வெளிய கூட்டிட்டுப் போறப்போ வாய்க்கூடு, பையன் பக்கத்துல விடுறதே இல்ல. நிஜமான ஊசி இப்போதான் போட்டிருக்கு.

எடுக்கப் போறவங்களுக்கு, அவசரத்துல தோணுறது மட்டும். ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க, வேற வேற நேரத்துல போய் அது சோறு திங்கிறப்போ தள்ளி நின்னு பாருங்க. "இதுக்கு முன்ன யார் வீட்லயாச்சும் இருந்துச்சா, ஏன் திரும்பி வந்துச்சு"ன்னு கேட்டு பதில எழுதி வாங்குங்க. ஸ்டிக்கரும் முத்திரையும் இல்லாத புத்தகம் வெறும் நோட்டு. தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீங்க. கடிச்சா முதல்ல சோப்பும் தண்ணியும், அப்புறம் நேரா ஆஸ்பத்திரி, நாய்க்கு ஊசி போட்டாச்சுன்னு யார் சொன்னாலும் சரி.

1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்து நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கப் போறேன். 9,500 ரூபாய விடுறதா இல்ல. இதே மாதிரி ஒரு காப்பகத்துல "டொனேஷன்"னு போட வச்சு ஏமாத்தப்பட்டவங்க, ரசீதோ ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்து குடுப்போம்.